கர்ப்பிணிக்குக் காமாலை: காரணம் தெரியாமல் கழியும் நாட்கள்

கர்ப்ப காலத்தில் கண்ணும் தோலும் மஞ்சளாவதற்குப் பின்னால் பத்துக்கு மேற்பட்ட நோய்கள் இருக்கக்கூடும் என்பதும், அவற்றுள் சில பிரசவத்தோடு தடமின்றி மறைந்துவிட, வேறு சில இரண்டு மூன்று நாட்களுக்குள் தாயையும் சிசுவையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும் என்பதும் மகப்பேறு மருத்துவம் நெடுங்காலமாக அறிந்த உண்மைகள். ஆயினும் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் பலவற்றில் இவை யாவும் மஞ்சள் காமாலை என்ற ஒரே பெயருக்குள் அடங்கி, ஒரே பத்தியத்தையும் ஒரே பச்சிலையையும் பெற்று, மூன்று நாளோ ஐந்து நாளோ வீட்டில் கழிந்த பிறகே மருத்துவமனையை எட்டுகின்றன. கர்ப்பிணிகளின் கல்லீரல் நோய்களில் உயிரைப் பறிப்பதில் நோயின் கொடுமைக்கு எவ்வளவு பங்குண்டோ, காரணம் தெரியாமல் கழியும் அந்த நாட்களுக்கும் அவ்வளவு பங்குண்டு. பழனி மலை அடிவாரத்து ஊர் ஒன்றை முன்னிறுத்திப் பார்த்தால் இது இன்னும் தெளிவாக விளங்கும்.

பழனி நகரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், பாலாறு–பொருந்தலாறு அணைக்கு அருகே, மலைத்தொடர் சமவெளியில் வந்து முடியும் இடத்தில் அமைந்த பேரூராட்சி பாலசமுத்திரம். மலையிலிருந்து இறங்கும் நீரை நம்பிய வயல்களும் தென்னந்தோப்புகளும் ஒருபுறம். தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் லட்சக்கணக்கான பாதயாத்திரைப் பக்தர்கள் வந்து தங்கிச் செல்லும் பழனி மறுபுறம். மேலே கொடைக்கானலுக்கு ஏறும் மலைப்பாதை ஏறக்குறைய 65 கிலோமீட்டர் வளைந்து செல்கிறது; கீழே திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டரும், மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கு அதைப் போல் இரு மடங்கும் பயணம் செய்தாக வேண்டும். குடிக்கும் நீர், இறங்கி வேலை செய்யும் வயல், பெரிய மருத்துவமனைக்கான தூரம் ஆகிய இம்மூன்றும் இவ்வட்டாரத்துக் கர்ப்பிணியின் கல்லீரலோடு நேரடித் தொடர்புடையவை.

ரத்தச் சிவப்பணு ஒவ்வொன்றும் ஏறக்குறைய 120 நாட்கள் வாழ்ந்து சிதைகிறது. அச்சிதைவில் பிறக்கும் மஞ்சள் நிறப்பொருளான பிலிருபினைக் கல்லீரல் வாங்கி, நீரில் கரையும் வடிவுக்கு மாற்றி, பித்தநீரோடு குடலுக்கு அனுப்பிவிடுகிறது. சிவப்பணுக்கள் அளவுக்கு மீறிச் சிதைந்தாலும், கல்லீரல் செல்கள் நலிந்தாலும், பித்தநீர் செல்லும் பாதை தடைப்பட்டாலும் பிலிருபின் ரத்தத்திலேயே தேங்கும். வழக்கமாக ஒரு டெசிலிட்டருக்கு ஒரு மில்லிகிராம் அளவில் இருக்கும் அது இரண்டு, மூன்று மில்லிகிராமைத் தாண்டிய பிறகே கண்ணில் மஞ்சள் தெரியத் தொடங்குகிறது. அதாவது கண் காட்டிக்கொடுப்பதற்குச் சில நாட்கள் முன்பே நோய் உள்ளே வேரூன்றியிருக்கும். டியூப்லைட் வெளிச்சத்தில் இந்த மஞ்சள் எளிதில் தப்பிவிடும் என்பதால், பகல் வெளிச்சத்தில் கீழ் இமையைத் தாழ்த்தி, நோயாளியை மேலே பார்க்கச் சொல்லி, வெண்விழியின் அடிப்பகுதியை உற்றுப் பார்ப்பதே அனுபவம் மிக்க செவிலியர்களின் வழக்கம். அதற்கும் முன்பே சிறுநீர் டீ டிக்காஷன் நிறத்துக்கு மாறியிருக்கும்; அதைத் தண்ணீர் குறைவாகக் குடித்ததன் விளைவென்று எண்ணிக் கர்ப்பிணிகள் கடந்துவிடுவதே மிகுதி.

கர்ப்பிணியின் ரத்தப் பரிசோதனை முடிவைப் படிப்பதற்குத் தனிக் கவனம் தேவை. கர்ப்ப காலத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதி ஏறக்குறைய பாதியளவு பெருகுவதால் அல்புமின் என்னும் புரதம் நீர்த்துக் குறைவாகத் தெரியும். நஞ்சுக்கொடி தானே ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்னும் நொதியைச் சுரப்பதால் அது கூடுதலாகக் காணப்படும். இவ்விரண்டையும் கண்டு கலங்க வேண்டியதில்லை. ஆனால் கல்லீரல் செல்கள் சேதமடையும்போது ரத்தத்தில் கசியும் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. ஆகிய நொதிகள் கர்ப்பத்தால் மட்டும் உயர்வதில்லை. உயர்ந்திருந்தால் அதற்கொரு காரணம் கண்டறியப்பட்டாக வேண்டும். ரத்தம் உறைய உதவும் ஃபைப்ரினோஜன் இன்னும் நுட்பமான பாடம் தருகிறது. நிறைமாதத்தில் அது டெசிலிட்டருக்கு 400 முதல் 600 மில்லிகிராம் வரை இருப்பதே இயல்பு. எனவே பரிசோதனைக் கூடத்தின் அச்சிட்ட தாளில் இயல்பு எல்லைக்குள் அடங்கும் 200 என்ற எண், கர்ப்பிணி ஒருவருக்கு அபாய எச்சரிக்கையாக இருக்கக்கூடும். எல்லோருக்கும் பொதுவாக அச்சிட்ட எல்லைகளைக் கொண்டு கர்ப்பிணியின் ரிப்போர்ட்டை வீட்டார் தாமே படித்து ஆறுதல் கொள்வது ஏன் தவறு என்பதற்கு இந்த ஓர் எண்ணே போதும்.

ஒரே நிறம், எதிரெதிர் சிகிச்சை

கர்ப்பத்தின் எந்த மாதத்தில் மஞ்சள் தோன்றியது என்பதே மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி. முதல் மூன்று மாதங்களில் மசக்கை வாந்தி அளவு கடந்து, குடித்த நீரும் தங்காத நிலையில் கல்லீரல் நொதிகள் சற்று உயர்ந்து, சிலருக்கு லேசான மஞ்சளும் தோன்றலாம். நீர்ச்சத்து ஈடுசெய்யப்பட்டு வாந்தி அடங்கியதும் அது தானே சரியாகும். அவ்வாறு பல நாட்கள் உணவின்றி வாடியவருக்குக் குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் என்னும் பி1 வைட்டமினைத் தர வேண்டும் என்பதும், தவறினால் மூளை பாதிக்கப்படக்கூடும் என்பதும் இங்கே நினைவில் இருத்த வேண்டியவை.

இருபதாவது வாரத்துக்குப் பிறகு காட்சி மாறுகிறது. ரத்த அழுத்தம் 140/90ஐத் தாண்டி, சிறுநீரில் புரதம் வெளியேறும் முன்சூல்வலிப்பு நிலையின் கடும் வடிவங்களுள் ஒன்றில் ரத்தச் சிவப்பணுக்கள் சிதைகின்றன, கல்லீரல் நொதிகள் உயர்கின்றன, ரத்தத் தட்டணுக்கள் ஒரு லட்சத்துக்கும் கீழே சரிகின்றன. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் லூயிஸ் வைன்ஸ்டைன் 1982இல் இம்மூன்றின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ஹெல்ப் கூட்டறிகுறி என்று பெயரிட்டார். இந்நோயில் கண் மஞ்சளாவது கட்டாயமில்லை. மேல்வயிற்றின் வலப்பக்கத்திலோ நெஞ்சுக்குழியிலோ எழும் வலியே பெரும்பாலும் முதல் அடையாளம். அதையோ வீட்டார் கேஸ் டிரபிள் என்று சொல்லி மருந்துக்கடையில் வாங்கிய மாத்திரையைத் தந்துவிடுகின்றனர். எட்டாம் மாதத்துக் கர்ப்பிணி நெஞ்சுக்குழி வலிக்கிறது என்று சொன்னால் ரத்த அழுத்தக் கருவியைக் கையில் கட்டிப் பார்க்காமல் அமில மாத்திரை தரக்கூடாது என்பதை ஒவ்வொரு மருந்துக்கடையும் ஒவ்வொரு மாமியாரும் அறிந்திருந்தால் காப்பாற்றக்கூடிய உயிர்கள் பல. பிரசவம் முடிந்த இரண்டொரு நாட்களிலும் இந்நோய் தலைகாட்டக்கூடும் என்பதால், குழந்தை பிறந்துவிட்டது என்ற நிம்மதியில் தாயின் வலியைப் புறக்கணிக்க இடமில்லை.

இதனினும் அரிதானதும், அதனாலேயே எளிதில் தவறவிடப்படுவதுமான நோய், கர்ப்பகாலத் திடீர்க் கொழுப்புக் கல்லீரல் எனப்படுவது. ஹெரால்ட் ஷீஹன் 1940இல் தனியே பிரித்துக் காட்டிய இந்நோயில், மது அருந்துவோருக்கும் உடல் பருமன் உள்ளோருக்கும் வரும் கொழுப்புக் கல்லீரலைப் போலன்றி, சில நாட்களுக்குள் கல்லீரல் செல்களுக்குள் நுண்ணிய கொழுப்புத் துளிகள் நிறைந்து அவை செயலிழக்கின்றன. ஏறக்குறைய பத்தாயிரம் கர்ப்பங்களில் ஒன்றில், பெரும்பாலும் 35ஆம் வாரத்தை ஒட்டி இது நேர்கிறது. சில குடும்பங்களில் கருவிலுள்ள குழந்தைக்குக் கொழுப்பு அமிலங்களைச் சிதைக்கும் நொதி ஒன்று பிறவியிலேயே குறைந்திருக்க, அரைகுறையாகச் சிதைந்த அந்தப் பொருட்கள் தாயின் ரத்தத்தில் சேர்ந்து அவரது கல்லீரலைத் தாக்குகின்றன. தொடக்கத்தில் வாந்தி, களைப்பு, தாகம் என்று எந்தக் கர்ப்பிணியும் சொல்லக்கூடிய குறைகளே காணப்படும். அடுத்த ஓரிரு நாட்களில் மஞ்சள் ஏறுகிறது. சர்க்கரையைச் சேமித்து வழங்கும் திறனைக் கல்லீரல் இழப்பதால் ரத்தச் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்கிறது. ரத்தம் உறைய மறுக்கிறது.

பெரிய ஆய்வகம் இல்லாத இடத்திலும் இந்நிலையைக் கண்டுகொள்ள இரண்டு எளிய வழிகள் உள்ளன. ஒன்று, விரல் நுனியில் குத்தி எடுத்த ஒரு துளியில் குளுக்கோமீட்டர் காட்டும் சர்க்கரை அளவு. மற்றொன்று, உலக சுகாதார நிறுவனத்தின் மகப்பேறு வழிகாட்டி விவரிக்கும் படுக்கையருகு உறைதல் சோதனை: இரண்டு மில்லிலிட்டர் ரத்தத்தை எடுத்து, உலர்ந்த, எந்த மருந்தும் பூசப்படாத சிறு கண்ணாடிக் குழாயில் விட்டு, உடல் சூடு குறையாமல் இருக்க அதைக் கைக்குள் பொத்திப் பிடித்திருக்க வேண்டும். நான்காம் நிமிடத்தில் குழாயை மெல்லச் சாய்த்துப் பார்த்து, பின்னர் நிமிடத்துக்கு ஒருமுறை சாய்க்க வேண்டும். ஏழு நிமிடமாகியும் ரத்தம் கட்டிப்படாமல் ஒழுகினாலோ, கட்டிய கட்டி எளிதில் உடைந்தாலோ உறைதலில் கோளாறு இருக்கிறது என்று கொள்ளலாம். செலவு ஏறக்குறைய ஏதுமில்லாத இந்தச் சோதனையைச் செய்துவிட்டு, ரத்தமும் பிளாஸ்மாவும் தேவைப்படும் என்று பெரிய மருத்துவமனைக்கு முன்கூட்டித் தொலைபேசியில் சொல்லி அனுப்பினால், 108 ஆம்புலன்ஸ் சாலையில் ஓடும் நேரத்திலேயே அங்கே ஏற்பாடுகள் தொடங்கிவிடும்.

ஹெல்ப் கூட்டறிகுறிக்கும் கொழுப்புக் கல்லீரலுக்கும் அடிப்படைச் சிகிச்சை ஒன்றே: தாயின் நிலையைச் சீராக்கிக்கொண்டு, காலம் தாழ்த்தாமல் குழந்தையைப் பிறக்கவைப்பது. 1970களுக்கு முன்பு கொழுப்புக் கல்லீரலுக்கு ஆளான தாய்மார்களுள் பெரும்பாலோர் இறந்தனர் என்பதும், இன்று விரைந்து பிரசவம் நடத்தித் தீவிர சிகிச்சை தரும் மையங்களில் பெரும்பாலோர் பிழைக்கின்றனர் என்பதும் இந்த ஒரே முடிவின் பயன். இதற்கு நேர்மாறாக, வைரஸால் வரும் கல்லீரல் அழற்சியில் கர்ப்பத்தை முடிப்பதால் தாய்க்கு நன்மை ஏதும் விளைவதில்லை; ரத்தம் உறையாத நிலையில் அவசரப்பட்டுச் செய்யும் சிசேரியன் கட்டுப்படாத ரத்தப்போக்கில் முடியலாம். கண்ணில் தெரியும் நிறம் ஒன்றாகவே இருக்க, ஒன்றில் உடனே செய்ய வேண்டியது மற்றொன்றில் செய்யக்கூடாததாக இருக்கிறது என்பதால்தான், காரணத்தை அறியாமல் தரும் எந்தச் சிகிச்சையும் இங்கே சூதாட்டமாகிவிடுகிறது.

குழாய் வழியே வரும் வைரஸ்

கர்ப்பிணிகளின் காமாலையைப் பற்றி உலகம் இன்று அறிந்திருப்பதில் பெரும்பகுதி இந்தியாவின் அசுத்தமான குடிநீரிலிருந்து கற்றது. 1955ஆம் ஆண்டின் இறுதியில் டெல்லியில் யமுனை ஆற்று நீர் எடுக்கப்படும் வசீராபாத் நிலையத்துக்குள் நஜஃப்கர் கால்வாயின் சாக்கடை கலந்தது. நீரில் குளோரின் கூட்டப்பட்டது. டைபாய்டு போன்ற பாக்டீரியா நோய்கள் பெருகவில்லை. ஆனால் சில வாரங்கள் கழித்து, 1956ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஏறக்குறைய 29,300 பேருக்கு மஞ்சள் காமாலை கண்டது. ஆர். விசுவநாதன் 1957இல் வெளியிட்ட விரிவான ஆய்வு, நோயுற்றோரில் கர்ப்பிணிகளே மிகுதியாக இறந்ததைப் பதிவு செய்தது. அது ஹெப்படைடிஸ் ஏ என்றே அப்போது கருதப்பட்டது. சேமித்து வைக்கப்பட்டிருந்த அந்நோயாளிகளின் ரத்த மாதிரிகளை 1980இல் மீண்டும் சோதித்தபோது, அது ஏ வகையும் அன்று, பி வகையும் அன்று என்பது வெளிப்பட்டது.

இதற்கிடையே 1978இல் காஷ்மீரின் குல்மார்க் பகுதியில் பெரும் கொள்ளைநோய் பரவியிருந்தது. முகம்மது சுல்தான் குரூ என்ற மருத்துவர் வீடு வீடாகச் சென்று திரட்டி 1981இல் வெளியிட்ட கணக்கு இன்றும் மருத்துவ நூல்களில் எடுத்தாளப்படுகிறது. கர்ப்பிணிகளுள் 17.3 விழுக்காட்டினர் நோயுற்றனர். கர்ப்பமில்லாத பெண்களிலோ அது 2.1 விழுக்காடு மட்டுமே. நோயுற்ற கர்ப்பிணிகளில் 22.2 விழுக்காட்டினருக்குக் கல்லீரல் முற்றிலும் செயலிழந்தது; நோயுற்ற மற்றப் பெண்களில் ஒருவருக்குக்கூட அந்நிலை வரவில்லை. இத்தகைய காமாலைக்குக் காரணமான வைரஸை முதன்முதலில் கண்ணால் கண்டவர் சோவியத் ஆய்வாளர் மிகயீல் பலயான். ஆப்கானிஸ்தானில் நோயுற்ற படைவீரர்களின் மலத்திலிருந்து எடுத்த சாற்றைத் தாமே குடித்து, நோயுற்று, எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் அவர் கண்ட துகள்களை 1983இல் அறிவித்தார். 1990இல் அதன் மரபுப்பொருள் படியெடுக்கப்பட்டு, அது ஹெப்படைடிஸ் ஈ என்று பெயர் பெற்றது.

இளைஞர் ஒருவருக்கு வந்தால் இரண்டு மூன்று வாரங்களில் பசி திரும்பி எழுந்து நடமாடவிடும் இந்நோய், கடைசி மூன்று மாதங்களில் உள்ள கர்ப்பிணிக்கு வந்தால் நால்வரில் அல்லது ஐவரில் ஒருவரைக் கொல்லக்கூடியது. வைரஸை ஒழிக்க மற்றவர்களுக்குத் தரப்படும் ரைபாவிரின் கருவுக்குக் கேடு விளைவிப்பதால் கர்ப்பிணிக்குத் தர இயலாது. சர்க்கரையைக் காத்து, ரத்த உறைதலைக் கவனித்து, மூளை பாதிப்பைத் தொடக்கத்திலேயே கண்டு தாங்கிப்பிடிப்பதே சிகிச்சை. அந்த மூளை பாதிப்பின் முதல் அடையாளங்கள் மிக மெல்லியவை. பகலில் உறக்கமும் இரவில் விழிப்புமாக நாள் தலைகீழாகும், பேச்சு தொடர்பறும், காரணமில்லாமல் எரிச்சல் வரும், இரு கைகளையும் நீட்டி மணிக்கட்டை மேல்நோக்கி மடக்கச் சொன்னால் கைகள் விட்டுவிட்டுத் தாழ்ந்து துடிக்கும். காமாலை கண்ட கர்ப்பிணி ஏதோ மாதிரி பேசுகிறார் என்று வீட்டில் எவருக்கேனும் தோன்றினால், அதைப் பயம் என்றோ காற்றுக் கறுப்பு என்றோ எண்ணித் திருநீறு மந்திரிக்கக் காத்திராமல், அந்த நேரமே தீவிர சிகிச்சைப் பிரிவுள்ள மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும்.

ஹெப்படைடிஸ் ஈ உடலில் புகுந்து காமாலையாக வெளிப்பட இரண்டு முதல் எட்டு வாரங்கள் ஆகின்றன. தைப்பூசக் கூட்டத்தின்போது மாசுபட்ட நீரைக் குடித்த ஒருவருக்கு மாசியிலோ பங்குனியிலோதான் கண் மஞ்சளாகும். அதற்குள் அந்த நீரின் நினைவே எவருக்கும் இருக்காது. இந்த இடைவெளியே இந்நோயின் காரணத்தைத் தேடுவோரைத் திசைதிருப்புகிறது. மலையடிவார ஊர்களின் நீர் தெளிந்து ஓடுவதால் அது தூயது என்ற நம்பிக்கை பரவலாக உண்டு; வைரஸோ தெளிவையும் சுவையையும் கெடுப்பதில்லை. ஓடைக்கு மேல்பக்கத்தில் ஒரு கழிவறைக் குழி கசிந்தாலும், சாக்கடையின் குறுக்கே செல்லும் குடிநீர்க் குழாயில் விரிசல் விட்டிருந்து, தண்ணீர் விடாத நேரத்தில் குழாய் வெறுமையாகி வெளியிலுள்ள கழிவை உள்ளே இழுத்துக்கொண்டாலும் அதுவே போதும். 2008இல் ஆந்திராவின் நெல்லூரில் ஆயிரக்கணக்கானோருக்கு இந்நோய் பரவியதற்கும் மாசுபட்ட குடிநீரே வழியாயிற்று.

மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றுவதோடு தொட்டி ஆபரேட்டரின் வேலை முடிந்துவிடுவதில்லை. கடைசித் தெருவின் கடைசிக் குழாயில் பிடித்த நீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்கிறதா என்பதைக் குளோரோஸ்கோப்பில் இரண்டு சொட்டு மருந்து விட்டு, தோன்றும் நிறத்தைப் பார்த்து உறுதி செய்ய வேண்டும். அந்தக் கடைசித் தெருவில்தான் பெரும்பாலும் ஏழைக் கர்ப்பிணிகளின் வீடுகள் இருக்கின்றன. ரத்த அழுத்தக் கருவியும் ஸ்கேன் இயந்திரமும் எவ்வளவு மகப்பேறு சாதனங்களோ அவ்வளவு மகப்பேறு சாதனம் இந்தச் சிறு பெட்டியும் என்று பேரூராட்சிகளும் சுகாதாரத் துறையும் கருதும் நாள் வர வேண்டும். அதுவரை, நீரைக் குமிழி விடும்படி நன்கு கொதிக்கவைத்து ஆற்றிக் குடிப்பதே கர்ப்பிணியின் கைவசமுள்ள பாதுகாப்பு. சீனாவில் 2011இல் ஒப்புதல் பெற்ற தடுப்பூசி ஒன்று உண்டென்றாலும், அது இந்தியாவின் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இல்லை.

வயலும் காடும் தரும் காமாலைகள் வேறு. எலியின் சிறுநீர் கலந்த சேற்றில் இறங்கி வேலை செய்வோருக்கு வரும் எலிக்காய்ச்சலும், புதர்களில் வாழும் நுண்ணிய உண்ணிப்பூச்சியின் கடியால் வரும் ஸ்க்ரப் டைபஸும் காய்ச்சலோடு மஞ்சளையும் கொண்டுவரலாம். பின்னதில் பூச்சி கடித்த இடம் சிகரெட் சுட்டாற்போன்ற கரும்பொருக்காக அக்குளிலோ தொடையிடுக்கிலோ மார்பின் அடியிலோ மறைந்திருக்கும். உடலை முழுமையாகப் பரிசோதிக்காவிட்டால் தெரியாது. தெரிந்துவிட்டால் கர்ப்பிணிக்கும் பாதுகாப்பான அசித்ரோமைசினில் குணமாகும் நோய் இது. காசநோய் மாத்திரைகளும், கர்ப்பகால ரத்த அழுத்தத்துக்கே தரப்படும் மெத்தில்டோபாவும்கூடச் சிலருக்குக் கல்லீரலைத் தாக்கும் என்பதால், உட்கொள்ளும் மாத்திரை அட்டைகள் அனைத்தையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கீழாநெல்லியின் கதை

காமாலை என்றதும் தமிழர் மனத்தில் முதலில் எழுவது கீழாநெல்லி. அதை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளுவது அறிவியலுக்கே பொருந்தாது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், ஹெப்படைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற பரூக் புளும்பெர்க்கோடு சேர்ந்து 1988இல் லான்செட் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். நாட்பட்ட ஹெப்படைடிஸ் பி தொற்றைச் சுமந்திருந்தவர்களுள் கீழாநெல்லிப் பொடியை முப்பது நாள் உட்கொண்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்திலிருந்து வைரஸின் மேற்பரப்புப் புரதம் மறைந்தது. மருந்தில்லாப் போலி மருந்து பெற்ற 23 பேரில் ஒருவருக்கே அவ்வாறு நேர்ந்தது. உலகமே திரும்பிப் பார்த்த முடிவு அது. ஆனால் பிற நாடுகளில் தொடர்ந்து நடந்த ஆய்வுகளில் அந்தப் பயன் மீண்டும் உறுதிப்படவில்லை.

அந்த ஆய்வுகூட நாட்பட்ட பி வகைத் தொற்றைப் பற்றியதேயன்றி, கர்ப்பிணியின் திடீர்க் காமாலையைப் பற்றியதன்று. ஏ வகைக் காமாலை பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானே இறங்கிவிடும் இயல்புடையது. அந்த வாரங்களில் அரைத்துக் குடித்த பச்சிலைக்கே குணமான பெருமை போய்ச் சேர்வது மனித இயல்பு. கொழுப்புக் கல்லீரலுக்கு ஆளான எட்டுமாதக் கர்ப்பிணிக்கோ அத்தகைய வாரங்கள் இல்லை. கீழாநெல்லியைவிடத் தீங்கு மிக்கது அதனோடு சேர்ந்து வரும் கடும் பத்தியம்: உப்பில்லை, எண்ணெயில்லை, பருப்பில்லை, முட்டையில்லை, வெறும் கஞ்சி மட்டும் என்று நாட்கணக்கில் வாட்டும்போது, சர்க்கரையைச் சேமிக்க இயலாத கல்லீரலுக்கு வெளியிலிருந்து வரும் சர்க்கரையும் நின்றுபோகிறது, கருவிலுள்ள குழந்தைக்குப் புரதம் கிடைப்பதில்லை. மூக்கிலும் கண்ணிலும் விடும் சாறுகளும், உடலில் போடும் சூடும் நோயோடு புண்ணையும் சேர்ப்பவை. தாயும் மாமியாரும் இவற்றை அன்பினாலேயே செய்கின்றனர் என்பதில் ஐயமில்லை. அந்த அன்பு முதல் நாளிலேயே ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லும் அன்பாக மாறுவதற்கு, கிராம சுகாதாரச் செவிலியர்கள் கர்ப்பிணியிடம் மட்டுமன்றி வீட்டுப் பெரியவர்களிடமும் அமர்ந்து பேச வேண்டியிருக்கிறது.

உள்ளங்கையில் அரிப்பு

மஞ்சளே தெரியாமல் சிசுவுக்கு ஆபத்தாகும் கல்லீரல் நோய் ஒன்றும் உண்டு. கடைசி மூன்று மாதங்களில் பித்தநீர் கல்லீரலுக்குள்ளேயே தேங்குவதால் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தொடங்கி உடலெங்கும் அரிப்பெடுக்கும். தோலில் தடிப்போ கொப்புளமோ இராது, சொறிந்த நகக்கீறல்கள் மட்டுமே இருக்கும். இரவில் அரிப்பு பன்மடங்காகி, உறக்கமின்றிக் குளிர்ந்த நீரில் காலை நனைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் கர்ப்பிணிகளைச் சூடு என்றும் குழந்தைக்கு முடி முளைக்கிறது என்றும் சொல்லி வீட்டார் தேற்றுவதுண்டு. பிரிட்டனில் நடந்த ஆய்வுகளில் தெற்காசிய வம்சாவளிப் பெண்களிடம் இது மற்றவர்களைவிடக் கூடுதலாகக் காணப்பட்டது. ரத்தத்தில் பித்த அமிலத்தின் அளவே இங்கே வழிகாட்டி. 2019இல் வெளியான பெரிய தொகுப்பாய்வு ஒன்றில், அது லிட்டருக்கு 100 மைக்ரோமோலைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு மூவருக்கும் மேல் குழந்தை வயிற்றிலேயே இறந்தது. 40க்குக் கீழ் இருந்தவர்களில் அந்த ஆபத்து மற்றக் கர்ப்பிணிகளை ஒத்தே இருந்தது. அளவு மிகுந்தவர்களுக்கு 36ஆம் வாரத்தை ஒட்டிப் பிரசவத்தைத் திட்டமிடுவது இதனால்தான். பிரசவத்துக்குப் பின் அரிப்பு தானே நின்றுவிடும். ஆனால் அடுத்த கர்ப்பத்தில் பெரும்பாலோருக்கு மீண்டும் வரும் என்பதாலும், ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரைகள் இதைத் தூண்டக்கூடும் என்பதாலும், டிஸ்சார்ஜ் தாளில் நோயின் பெயரும் பித்த அமில அளவும் தெளிவாக எழுதப்பட்டு, அந்தத் தாள் வீட்டில் பத்திரமாக இருக்க வேண்டும்.

சிசுவுக்கு ஆபத்தாகும் மற்றொரு கல்லீரல் நோயான ஹெப்படைடிஸ் பி, தாயை வருத்தாமல் குழந்தையின் ஆயுளைக் குறிவைப்பது. வைரஸ் வேகமாகப் பெருகும் நிலையிலுள்ள தாய்க்குப் பிறக்கும் குழந்தைகளில், தடுப்பு ஏதுமில்லையெனில், பத்தில் ஏழு முதல் ஒன்பது பேருக்குத் தொற்றிவிடும். அவ்வாறு தொற்றிய பச்சிளங்குழந்தைகளில் ஏறக்குறைய 90 விழுக்காட்டினர் அதை வாழ்நாள் முழுதும் சுமந்து, நடுவயதில் ஈரல் சுருக்கத்துக்கோ புற்றுநோய்க்கோ ஆளாகும் வாய்ப்பைப் பெறுகின்றனர். கர்ப்பப் பதிவின்போதே செய்யும் ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி. என்னும் ஒரு ரத்தச் சோதனை இச்சங்கிலியை அறுக்கும் முதல் வெட்டு. 2018 ஜூலை 28 அன்று தொடங்கப்பட்ட தேசிய வைரஸ் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கின்றன. வைரஸ் எண்ணிக்கை மில்லிலிட்டருக்கு இரண்டு லட்சம் அலகைத் தாண்டியிருந்தால் 28ஆம் வாரத்திலிருந்து டெனோஃபோவிர் மாத்திரை தரப்படுகிறது. முடிவு பாசிட்டிவ் என்றதும் அந்தப் பெண்ணின் நடத்தையை ஐயுறும் கொடுமை சில குடும்பங்களில் இன்றும் நேர்கிறது; அவர் பிறந்தபோதே தம் தாயிடமிருந்து அதைப் பெற்றிருக்கலாம் என்பதையும், கணவரும் பரிசோதித்துத் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும் என்பதையும் சொல்லும் ஆலோசனைக்கு மாத்திரைக்குச் சமமான இடம் தரப்பட வேண்டும்.

குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடப்படும் ஹெப்படைடிஸ் பி தடுப்பூசியும், தாய் பாசிட்டிவ் என்றால் அதனோடு மற்றொரு தொடையில் போடப்படும் இம்யூனோகுளோபுலின் ஊசியுமே இரண்டாவது வெட்டு. பிள்ளைப்பேறு ஏறக்குறைய முழுவதும் மருத்துவமனைகளிலேயே நடக்கும் தமிழ்நாட்டில் முதல் நாள் ஊசி தவறுவதற்குக் காரணமே இல்லை; மலைப்பாதையில் ஆம்புலன்சிலோ பளியர் பழங்குடியினர் குடியிருப்பின் வீட்டிலோ பிறந்துவிட்ட குழந்தைக்குத்தான் அந்த 24 மணி நேரம் பந்தயமாகிறது. ஆறு, பத்து, பதினான்காவது வாரங்களில் பென்டாவேலன்ட் ஊசியின் மூலம் எஞ்சிய தவணைகள் கிடைத்துவிடுகின்றன. முதல் நாள் ஊசி போட்ட குழந்தைக்குத் தாய்ப்பால் தரத் தடையேதுமில்லை. ஒன்பது மாதம் முடிந்த பிறகு குழந்தையின் ரத்தத்தைச் சோதித்து, தொற்று இல்லை என்பதையும் எதிர்ப்பாற்றல் உருவாகியிருக்கிறது என்பதையும் உறுதி செய்ய வேண்டும். அந்தச் சோதனைக்குரிய தேதியை முதல் ஊசி போடும் அன்றே தாய்–சேய் நல அட்டையில் எழுதித் தர வேண்டும்.